காரணம் சொன்னால் மாற்றலாம்

பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். போன வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வில் பாப்பா நாலே நாலு மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். படிக்காமல் போய் உட்கார்ந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். படித்து, சரியாக எழுதி, எழுதியதை அழித்துத் தப்பாக எழுதிவிட்டு வந்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு ரத்தத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் மூன்று முறை பார்ப்பார். மூன்றாவது முறையும் பிழை அகப்படவில்லை என்றால், தான் சரியாகப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்க மாட்டார். மைத்துனர் மகளின் பத்திரிகையைத் திருத்தித் திருப்பி அனுப்பியதில் மூன்று வருடம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தது.

அப்படிப்பட்டவர் பெற்ற பெண், தேர்வு முடிய இருபது நிமிடம் மிச்சம் இருந்தால் சும்மா இருப்பாளா? பென்சிலால் கறுப்பாக்கிய வட்டங்களைத் திரும்பப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது முறை பதினொரு விடைகள் தப்பு மாதிரி தெரிந்தன. ரப்பரை எடுத்து அழித்து மாற்றினாள். சரியான விடைகள் வெளியான அன்று, வினாத்தாளில் தான் போட்டு அடித்த குறிகளோடு ஒப்பிட்டாள். பதினொன்றில் ஒன்பது, முதலில் போட்டதுதான் சரி. அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு கல்லூரி வேதியியல் படிப்புக்கு இடம் கொடுத்து, ஒரு வருடம் தள்ளிச் சேரவும் சம்மதித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை தேர்வு, அதுவும் போனால் வேதியியல் என்று முடிவானது. பாப்பாவுக்கு வேதியியலோடு பகை எதுவும் இல்லை. அவளுக்கு டாக்டராக வேண்டும், அவ்வளவுதான்.

பாடத்தில் அவளுக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் அந்தக் கடைசி இருபது நிமிடத்தின் மேல்தான். அதற்கு வழி கண்டுபிடித்தது அம்மா. அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் மாற்றித் தரும் கவுன்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாப்பா மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்ததும், அம்மா ரப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். விடையை மாற்ற வேண்டுமானால் பாப்பா அங்கே போய் நிற்க வேண்டும்.

"காரணம்?" என்பாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"தப்புன்னு தோணுதும்மா."

"நாளைக்குப் போனா நல்லாருக்கும்னு தோணுதுன்னு தினம் பத்துப் பேர் வர்றாங்க. அவங்களுக்கெல்லாம் நான் மாத்திக் குடுக்கிறதில்ல. போ."

ஒரே மூச்சில் சொல்லக்கூடிய காரணம் இருந்தால் மட்டும் ரப்பர் கைக்கு வரும். முதல் மாதம் பாப்பா ஒரு தேர்வுக்கு எட்டு, ஒன்பது தடவை நடந்தாள். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினாள். போகப் போக நடை குறைந்தது. வருடக் கடைசியில் ஒன்றோ இரண்டோ தடவைதான் எழுந்தாள், எழுந்தால் ரப்பரோடுதான் வந்தாள்.

தேர்வு நாளும் வந்தது. இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டாள். மணி அடிக்கும்வரை வெளியே விட மாட்டார்கள். கை துறுதுறுத்தது. தாள் முழுக்கத் தப்பு என்று உள்ளே ஒரு குரல் கிளம்பியது. 'காரணம்?' என்று கேட்டாள் பாப்பா. அந்தக் குரலிடம் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டது.

ஒரே ஒரு கேள்வி மட்டும் பதில் சொன்னது. இதயத்தின் படம் போட்டு, ஓர் அறைக்கு அம்புக்குறி வைத்துப் பெயர் கேட்டிருந்தார்கள். இடது என்று போட்டிருந்தாள். இதயத்துக்கு உரியவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், நமக்கு இடது என்றால் அவருக்கு வலது. இது காரணம். அழித்தாள், மாற்றினாள், பென்சிலைக் கீழே வைத்தாள். மீதி நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

சரியான விடைகள் வெளியாகும் நாளும், வேதியியல் இடத்தை உறுதி செய்யவோ விட்டுக்கொடுக்கவோ கடைசி நாளும் ஒன்றாகவே வந்து தொலைந்தன. மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். உறுதி செய்தால் வருடக் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும், அது திரும்ப வராது. தேர்வு முடிவு வர இன்னும் பத்து நாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா விடைகளை வாசிக்க, பாப்பா வினாத்தாளில் சரிபார்த்தாள். இதயப் படத்தில் அடித்துத் திருத்திய குறியைக் கண்டதும் அப்பாவின் குரல் கம்மியது. "மாத்திட்டியா?" என்றார். அவள் காரணத்தைச் சொன்னாள். அவர் விடையைப் பார்த்தார். வலது.

கூட்டிப் பார்த்தால், போன வருடம் கடைசி இடம் கிடைத்தவரைவிட முப்பத்தொரு மதிப்பெண் அதிகம். பாப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்கு வியர்த்தது.

"இன்னும் ரெண்டு தடவை கூட்டிடலாம் பாப்பா. இல்லன்னா வேதியியலும் கையில இருக்கட்டும்."

"கூட்டினது சரிதாம்பா."

"போன வருஷம் உன்னைக் கெடுத்தது என் புத்திதான். அதை நினைக்காம ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மா."

ஒரு வருடமாக இந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அழிச்சது என் கைப்பா, உங்க கை இல்ல" என்றாள்.

பிறகு வெள்ளைத்தாள் எடுத்து, வேதியியல் இடம் தனக்கு வேண்டாம் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா கையை நீட்டினார். இத்தனை வருடப் பழக்கம். அந்த வீட்டிலிருந்து அவர் பார்க்காமல் ஒரு காகிதம் வெளியே போனது கிடையாது.

பாப்பா கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டிய உறையை நீட்டியிருந்த கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கப்பா."

அப்பா உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். மணி நாலு. ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கிப் போனார்.