வலப்பக்கம் இழுக்கும் வண்டி

1

"வண்டி வலப்பக்கம் இழுக்குதும்மா."

"மெக்கானிக்கிட்ட காட்டேன்."

"அவர் என்ன சொல்லப் போறார். சஸ்பென்ஷன் நாற்பது வருஷப் பழசு. மொத்தமா மாத்திடலாம்னு இருக்கேன்."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா. டீ ஆறுதுங்கறா."

இந்தக் கதை பிறந்தது இந்தத் தொலைபேசிப் பேச்சில்தான். பேசியவன் என் அண்ணன், கேட்டவள் நான். வண்டி, அவன் இருபத்திரண்டு வருடமாக வைத்துத் தாங்கும் இரண்டு இருக்கைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அடுத்த நாளே எழுத உட்கார்ந்தேன்.

2

'மாலை வெயிலில் பச்சை நிறக் கார் ஒன்று'

இதற்கு மேல் ஓடவில்லை. காரின் நிறம் இங்கே யாருக்கு வேண்டும்? அண்ணனின் கண்ணைப் பற்றி அல்லவா சொல்ல வேண்டும்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது. வலப்பக்கம் அதிகம். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆயிற்று. அண்ணியும் அப்போது அறையில் இருந்தார். வெளியே வந்ததும், "சும்மா பயமுறுத்தறார்" என்றான் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வண்டியின் வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும் சாலையின் நடுத் தடுப்பு விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தன. பழி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் விழுந்தது.

தனக்கும் ஓட்டத் தெரிந்திருந்தும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, வம்பளப்பதுபோல வழி சொல்வார். "அந்தச் சைக்கிள்காரர் சட்டையைப் பாருங்களேன், கண்ணைப் பறிக்குது." அண்ணன் திரும்பிப் பார்க்காமலே வண்டியை இடப்பக்கம் ஒதுக்குவான். (கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பேசிக்கொண்டதில்லை என்று அண்ணி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.)

"கேட்டுடணும்னு வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறேன்" என்றார். "வண்டியை விடச் சொல்லலம்மா. ஓட்டறதைத்தான் விடச் சொல்றேன். என்னைக்காவது ஒருநாள் அது சைக்கிளா இல்லாம ஒரு குழந்தையா இருந்துட்டா?"

3

மெக்கானிக்கை முதலில் ஒரு ஞானியைப்போல எழுதினேன். பொய்யாக இருந்தது. நிஜத்தில் அவர் அவசரக்காரர், பாதி வாக்கியத்தில் வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

"இழுக்கல சார்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நானே ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடிச்ச மாதிரி போகுது. சஸ்பென்ஷன் ரப்பர்தான் வெடிச்சிருக்கு."

"உங்க கைக்குத் தெரியல. என் கைக்குத் தெரியுது."

மெக்கானிக் வெளியே வந்து அண்ணனைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். துணியில் கை துடைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. (அவருக்குப் புரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது.)

இரண்டு வழி சொன்னார். ஒன்று, உயரம் குறைந்த கடினமான ஸ்பிரிங்கும், திருகி இறுக்கக்கூடிய ஷாக் அப்சார்பரும்.* இன்னொன்று, பழைய உயரமும் பழைய மென்மையும் மாறாமல் புது ரப்பர் மட்டும். அண்ணன் கடினத்தைக் கேட்டான். பிறகு, "இவளுக்கு முதுகு வலிக்கும்" என்று மென்மைக்கு வந்தான். மறுபடியும் கடினத்துக்கே போனான். மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின.

* கடினமாக இருந்தால் வளைவில் வண்டி சாயாது, ஆனால் குழி ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து கணக்குக் கேட்கும். மென்மை இதற்கு நேர்மாறு.

4

முடிவுகள்.

அண்ணன் கடினமான ஸ்பிரிங்கோடு கிளம்புகிறான், முதல் வளைவில் வலப்பக்கத்திலிருந்து ஒரு

கிழித்துவிட்டேன். எழுத்தில்கூட அவனை அந்த வளைவுக்கு அனுப்பக் கை வரவில்லை.

அண்ணன் தானாகவே சாவியை நீட்டிக் கண்கலங்குகிறான். என் வழக்கமான வாசகர்கள் இதைத்தான் விரும்புவார்கள். என் அண்ணனைத் தெரிந்தவர்கள் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

5

நடந்தது இது. நான்காம் சனிக்கிழமை, நானும் கூட இருந்தேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு தராசுகளை வைத்திருந்தார் மெக்கானிக்.

"எதை வேணா போட்டுக்கலாம். ஆனா யார் ஓட்டறாங்களோ அவங்க எடைக்குத்தான் உயரம் வைக்கணும். ஓட்டறவங்க ஏறி உக்காருங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் அதை மறுபடி போடுவதற்குள் அண்ணி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். தராசுகளில் எண்கள் ஓடி நின்றன.

"ஏய், உன் இடம் அந்தப் பக்கம்" என்றான் அண்ணன்.

அண்ணி இறங்கவில்லை. அப்போது அவர் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. கேட்கத்தான் அவருக்கு எட்டு மாதம் ஆனது. பதிலை நான் ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் என்ன சொல்வார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணி கேட்டதை மட்டும் சொல்கிறேன்; அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னங்க, உங்களுக்குக் கண்ணு தெரியல. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். என் எடைக்கு வைக்கச் சொல்லுங்க. இனிமே நான் ஓட்டறேன்."