மின்ஹாவின் ஒரே விண்ணப்பம்

ராகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சரிபுதீனின் புடவைக்கடையில் எந்தத் துணியிலும் விலை ஒட்டியிருக்காது. விலையை ஒட்டிவிட்டால் வாய்க்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் கண்டறிந்த உண்மை ஒன்றே ஒன்று: எடுக்கப்போகிற சாரியை எந்தப் பெண்ணும் முதலில் தொடமாட்டாள். பக்கத்தில் இருப்பதைத் தொடுவாள், அதற்கு நாலு குறை சொல்வாள், பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே "அது என்னா வெல?" என்பாள். அந்த 'அது'வுக்காகத்தான் சரிபுதீன் காத்திருப்பார்.

அப்படிப்பட்டவரிடம் வந்து அவர் மகள் மின்ஹா இப்படிச் சொன்னாள்:

"வாப்பா, அமெரிக்காவில ஒரே ஒரு யுனிவர்சிட்டிக்குத்தான் போடப்போறேன். எல்லாருக்கும் முந்தியே போடலாம். அவங்க எடுத்தா கட்டாயம் போகணும். வேற எங்கயும் போகமாட்டேன்னு நானும் நீங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அப்படிப் போட்டா எடுபடுற சான்ஸ் கூட."

"செலவு எவ்வளவு வரும்னு சொன்னாங்களா?"

"முக்கால்வாசிய அவங்களே தருவாங்க. சரியான கணக்கு எடுத்த பிறகுதான் சொல்லுவாங்க."

சரிபுதீன் அளவுகோலைக் கீழே வைத்தார். "உன்னைத்தான் எடுப்பேன், வேற கடை ஏறமாட்டேன்னு எழுதிக் குடுத்திட்டு, அதுக்குப் பிறகு விலை கேட்கிறதா? மகள், இதைக் கண்டுபிடிச்ச மனுஷன் யாரு? அவர் கையை ஒருக்காப் புடிச்சிப் பார்க்கணும் எனக்கு."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த றம்ஸியா குரல் கொடுத்தாள். "ஏன், உங்களைக் கட்டுறப்ப நான் வேற ரெண்டு கடை ஏறிப் பார்த்தேனா?"

"பார்த்திருந்தா இப்ப நீ கொழும்பில கார்ல போய்க்கிட்டிருப்ப."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மின்ஹாவுக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக அது தாராளம். ஆனால் அவள் மனசில் இருந்ததோ நட்சத்திரங்களைப் படிக்கிற அந்த ஒரே இடம். நவம்பர் முதலாம் திகதி கடைசி நாள். இருந்தது ஒன்பது நாள்.

ஒப்பந்தத்தை சரிபுதீன் கண்ணாடி போட்டு, கடை வாடகைப் பத்திரம் வாசிப்பதுபோல் வரிவரியாக வாசித்தார். தெரியாத சொற்களுக்கு மின்ஹா அர்த்தம் சொன்னாள். அவர்கள் தருகிற காசு போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியோடு அவருடைய வாதம் தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகும் அவர் விடவில்லை. மறுநாள் பனியைப் பற்றிக் கேட்டார். அதற்கு மறுநாள் ஹலால் சாப்பாடு. அதற்கும் மறுநாள், நட்சத்திரம் பேராதனையில் தெரியாதா என்றார்.

ஒவ்வொரு அந்தியும் மின்ஹா போனும் கையுமாகக் கடைக்கு வந்து, மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மணித்தியாலம் பதில் சொன்னாள். சின்ன வயதில் அந்த மேசைக்குக் கீழேதான் அவள் வீடு. துணி சுற்றிவந்த அட்டைகளைச் சுவராக நிறுத்தி, உள்ளே இருந்துகொண்டு, வருகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்து "வாப்பா, அம்மாக்கண்ணு அக்கா வந்திருக்காங்க" என்று சரியாகச் சொல்வாள். கையில் போன் வந்த நாளிலிருந்து, இந்த விண்ணப்பம் வரும்வரை, கடைப்பக்கமே வந்ததில்லை.

அந்தக் காலத்தில் தீபாவளி வாரமென்றால் கடையில் நிற்க இடமிருக்காது. பண்டிகை முற்பணம் வாங்கிய கையோடு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பெண்கள் பத்துப் பேராக இறங்குவார்கள். ஒரு சாரிக்கு இரண்டு மணித்தியாலம், நாலு பிளேன்டீ. யார் மகள் வயசுக்கு வந்தாள், எந்த லயத்துக் கூரைத் தகரம் பறந்தது, புதுக் கங்காணியின் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது, எல்லாம் அந்தப் பேரத்துக்குள்ளேயே பேசி முடியும். இப்போது அவர்களின் பிள்ளைகள் போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். பார்சல் வீட்டுக்கே போகிறது. போனோடு யார் பேரம் பேசுவது?

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம், அடைமழையில் அழகம்மா வந்தாள். மேல் டிவிசனில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள், அவர் கடைக்குப் பழைய கை.

"நிஷாந்தி கொழும்பிலயிருந்து சீல வாங்கி அனுப்பிட்டா மொதலாளி. மக வாங்குனத கொற சொல்லக்கூடாது. ஆனா கலரு சகிக்கல."

"பிறகு ஏன் இந்த மழையில?"

"அதுக்காக? தீவாளிக்கு இங்க வராம இருந்திருக்கேனா? அந்தப் பச்சய எடுங்க. அதில்ல, அதுக்குக் கீழ."

பதினொரு சாரி விரித்தாயிற்று. பிளேன்டீயும் முடிந்தது. அவள் பாதி விலைக்குக் கேட்டாள். மழையில் நனைந்துவந்த மனுஷிக்காகச் சரிபுதீன் இரக்கப்பட்டார்.

"சரி அழகம்மா, நீங்க கேட்ட விலைக்கே எடுங்க."

அழகம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்னாங்க மொதலாளி, இப்படி அவசரப்படுறீங்க? வெல படிஞ்சிருச்சின்னா நான் எந்திரிச்சிப் போகணும்ல?"

சரிபுதீன் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மின்ஹா அந்தியில் வந்து உட்காருகிற ஸ்டூலைப் பார்த்தார்.

மழை விட்டதும் அழகம்மா சட்டைத்துணி ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தியில் மின்ஹா வந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"இன்னைக்கு என்ன கேள்வி வாப்பா? நாளன்னைக்குக் கடைசி நாள்."

கேள்வி தயாராகத்தான் இருந்தது. நோய் வந்தால் யார் பார்ப்பது என்பது. அதற்கு ஒரு மணித்தியாலமாவது எடுத்திருக்கும்.

"எதில போடணும்?" என்றார் சரிபுதீன்.

"என்ன?"

"கையெழுத்து."

மின்ஹா அவரையே பார்த்தாள். "கேள்வி ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு அந்த இடம்தான் வேணுமா?"

"ஓ, வாப்பா. அந்த இடம்தான்."

அவள் வாசலைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த எதையும் தொடவில்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இப்படிக் கேட்கிற ஆளிடம் என்ன வியாபாரம் செய்வது? அவள் நீட்டிய போனில் ஒற்றை விரலால் அவர் தன் பெயரைத் தட்டினார். இரண்டு தரம் பிழையாகி மூன்றாம் தரம் சரிவந்தது. மின்ஹா அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, "உம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சரிபுதீன் பள்ளிவாசலுக்குப் போனார்.

தொழுகைக்குப் பிறகு அவர் கேட்கிற துஆக்கள் எப்போதும் நீளம். இதைத் தந்தால் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கிறேன், அதைத் தந்தால் இத்தனை நோன்பு பிடிக்கிறேன் என்று படைத்த ரப்பிடமும் ஏற்றி இறக்கிப் பேசுவார். அன்றைக்குக் கையை ஏந்தினதும் நாக்கு நுனியில் முந்திக்கொண்டு வந்து நின்றது வேறொன்று. டிசம்பரில் அங்கிருந்து 'இல்லை' என்று பதில் வரும், பிள்ளை பேராதனைக்குப் போவாள், வெள்ளிக்கிழமை அந்திக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அதைக் கேட்பதற்கு எத்தனை நோன்பும் பிடிக்கலாம்.

அவர் அதை விழுங்கினார்.

"அவளை அவங்க எடுக்கட்டும்" என்றார். முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பினார்.

பக்கத்தில் இருந்த தையல்கார ஷிஹாமுக்கு ஆச்சரியம். "என்ன சரிபுதீன் நானா, இன்னைக்கு இவ்வளவு சுருக்கா முடிச்சிட்டீங்க?"

"கேட்கிறதுக்கு ஒண்ணுதான் இருந்திச்சு," என்றார் சரிபுதீன், செருப்பைத் தேடிக்கொண்டே. "அதிலயும் எனக்கு நட்டம்."