கொலம்பஸில் குடித்தனம்

நான்காவது பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது பாண்டிசெல்விக்கு அகப்பட்டது மாரீஸ்வரனின் ஒற்றைச் செருப்பு. அவள் தேடியது மல்லித்தூள் டப்பாவை. அது மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் இருக்க வேண்டியது. அங்கே ஸ்பேனர்களும் கிரீஸ் டப்பாவும் உட்கார்ந்திருந்தன. குப்புறப் படுத்தபடியே தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"ஏங்க, மூணாம் நம்பர்ல ஒங்க சாமானை வைக்காதீயன்னு எத்தன தடவ சொல்லுறது?"

கப்பலுக்குக் கீழே, அதை உந்தித் தள்ளுகிற மோட்டார் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாரீஸ்வரன், "செத்த நேரம் பொறுட்டி, எடுத்துர்றேன்" என்றான். நேற்றும் இதையேதான் சொன்னான்.

பொருட்காட்சியில் ஊஞ்சல் போல இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிற பெரிய கப்பல் அது. எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் அதைக் கொலம்பஸ் என்றுதான் சொல்வார்கள். மாரீஸ்வரன் அதை ஓட்டுகிறவன். பாண்டிசெல்வி டிக்கெட் கிழிக்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்காகப் போட்ட பொருட்காட்சி இது. வந்து பதினெட்டு நாளாகிறது. அந்தப் பதினெட்டு நாளும் அவர்கள் குடியிருப்பது கப்பலுக்குள்தான். போன ஊரில் அடித்த காற்றில் கூடாரத்துணி கிழிந்து போனது. முதலாளி சேதுபதி புதுத் தார்ப்பாய் வாங்கி வந்ததும், கூடாரத்துக்குத்தான் என்று நினைத்துப் பாண்டிசெல்வி வாங்க ஓடினாள். அவர் அதை ஜெனரேட்டருக்குப் போர்த்தச் சொன்னார். "மிசின் நனைஞ்சா போச்சு. மனுசன்னா தொடைச்சுக்கிடலாம்லா" என்றார்.

கப்பலில் பத்து பெஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பொந்து மாதிரி இடம். பெஞ்சுகளுக்கு நம்பர் போட்டு அவள் குடித்தனம் நடத்தினாள். நடுவில் இருக்கிற ஐந்திலும் ஆறிலும் அரிசி, அடுப்பு, தண்ணீர்க் கேன். கனமானவை நடுவில் இருந்தால்தான் கப்பல் ஒரு பக்கமாகச் சாயாது. மூன்றில் பலசரக்கு. எட்டில் துணிமணி. ஒன்பதில் பாய், தலையணை. கப்பல் முகப்பில் வைத்த டிராகன் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றாம் நம்பரில் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, மருந்துச்சீட்டு எல்லாம் பாலிதீன் பையில். எழுதி வைத்தாற்போல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒழுங்குக்கு ஆயுள் மாலை நான்கு மணி வரைதான். நான்குக்கு எல்லாவற்றையும் வாரி மூன்று சாக்கிலும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலும் போட்டு டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு திரும்பவும் ஏற்ற வேண்டும். ஒருநாள் மிளகாய்த்தூள் டப்பாவை மறந்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் அது மூடி திறந்து பறந்து, இருபது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கப்பலை நிறுத்தச் சொல்லி அலறினார்கள். அன்றிலிருந்து சேதுபதி நாலு மணிக்கெல்லாம் வந்து ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறார். இவள் உள்பாவாடையைக்கூட ஒளித்து வைக்க முடியவில்லை.

இன்றைக்கு அம்மா வருகிறாள். அதுதான் காலையிலிருந்து அவளைப் பிடித்து ஆட்டியது.

செட்டியார்பட்டியில் இருக்கிற அம்மா இருளம்மாள் ஐந்து வருஷம் கழித்து முந்தாநாள்தான் போன் பண்ணினாள். ராஜபாளையத்தில் இதே கொலம்பஸ் நின்றபோதுதான் பாண்டிசெல்வி வீட்டைவிட்டு மாரீஸ்வரனோடு போனது. அதற்கப்புறம் அப்பா கருத்தையா மகளின் பேரை வீட்டில் எடுக்கவிடவில்லை. போனில் அம்மா அழவில்லை, ஏசவுமில்லை. "பக்கத்துலதான் இருக்கியாமே. வீடு புடிச்சிருக்கியாட்டி?" என்று கேட்டாள்.

"ம், புடிச்சிருக்கோம்மா."

"சாமான் கீமான் வைக்க எடம் இருக்கா?"

"தாராளமா இருக்கு."

எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிற முதல் கேள்விக்கு, கப்பலில் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மத்தியானம் வாரேன் என்றாள் அம்மா. பாண்டிசெல்வி கணக்குப் போட்டாள். மைதானத்துக்கே வரச்சொல்வது. இங்கேயே சாப்பாடு போடுவது. வீட்டுச் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்று ஏதாவது சொல்லி, கோயிலைக் காட்டி, மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிடுவது.

ஒரு வழியாக மல்லித்தூள் இரண்டாம் நம்பரில், வேஸ்ட் துணி மூட்டைக்குள் கிடைத்தது. அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கொதித்து இறங்கியது. பன்னிரண்டு ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. அம்மா வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மூன்றரைக்கு மாரீஸ்வரன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எறக்கிருவமா?"

"வரட்டும். அவ வந்து போற வரைக்கும் தொடாதீய."

"மொதலாளி வந்துருவாரு."

"வரட்டும்! ஒருநாளு இந்தக் கப்பல் ஆடலைன்னா ஊரு முங்கிருமா?"

சேதுபதி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குமேல் என்ன செய்வது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் வாரி வாரி வெளியே போட்டாள். அரிசிச் சாக்கு, அடுப்பு, பாய், நேற்றுத் துவைத்து இன்னும் காயாத கைலி. எல்லாம் தரையில் பரந்து கிடந்த நேரத்தில்தான் ஒரு குட்டியானை வண்டி மைதானத்துக்குள் குலுங்கிக் குலுங்கி வந்தது. முன்சீட்டில் அம்மா. பின்னால், கயிறு போட்டுக் கட்டிய ஒரு பீரோ.

அந்தப் பீரோவைப் பாண்டிசெல்விக்குத் தெரியும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டிய சம்பளத்தில் கல்யாணத்துக்கென்று அவளே பார்த்து வாங்கியது. ஆளுயரக் கண்ணாடி வைத்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்காமல் இருந்தது.

இருளம்மாள் இறங்கினாள். இளைத்திருந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்கப்பா ரெண்டாவது ஷிப்டு. அவிய மில்லுக்குக் கெளம்புற வரைக்கும் இருந்து வந்தேன். வீடு எங்கட்டி? எறக்கிருவோம்."

டிரைவர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "வெரசா சொல்லுங்கக்கா, எனக்கு அடுத்த டிரிப் இருக்கு."

"வீடு இல்லம்மா."

இருளம்மாள் தரையில் கிடந்த தலையணைகளைப் பார்த்தாள். சாக்குகளையும் குழம்புச் சட்டியையும் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கப்பலைப் பார்த்தாள்.

"இதுலயா படுக்கிய?"

"ம்."

"பொரண்டு படுத்தா?"

"ஆடும்."

அம்மா ஏதாவது திட்டினால் தேவலை போலிருந்தது. அவள் திட்டவில்லை. பாண்டிசெல்விக்குத்தான் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத யாரு ஒன்னையக் கொண்டாரச் சொன்னா? ஒரு டப்பா வைக்க எடமில்லாம நான் நாயாப் பேயா அலையுதேன். பீரோவத் தலையிலயா தூக்கி வைக்க? திருப்பி ஏத்திட்டுப் போ!"

"நீதான எடம் இருக்குன்ன."

"சொன்னேன். பொய்யிதான் சொன்னேன்."

"திருப்பிக் கொண்டுபோக மாட்டேன்" என்றாள் இருளம்மாள். குரல் ஏறவே இல்லை. "அஞ்சு வருசமா அது நிக்கிற சொவரப் பாத்துதான் அவிய சாப்புடுவாவ. இன்னைக்கு ஷிப்டு முடிஞ்சு வந்து வெறுஞ்சொவரப் பாக்கட்டும். பொறவு என்ன பேசணுமோ எங்கிட்டப் பேசட்டும்."

மாரீஸ்வரனும் ராட்டினத்து ஆட்களும் கைகொடுத்து இறக்கினார்கள். வேலியோரத்தில், கப்பலுக்கு எதிரே, இறக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது பீரோ. ஆட்கள் ராட்டினத்துக்குத் திரும்பிவிட்டதால் அதற்குமேல் நகர்த்த ஆள் இல்லை. வண்டி போய்விட்டது. சேதுபதி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "பொருட்காட்சில பீரோக் கடையும் போட்டாச்சா? காலைல இது இங்க நிக்கக் கூடாது. அடுத்த ஊருக்கு நம்ம லாரியில ஏத்துற சோலியும் கெடையாது, சொல்லிட்டேன்." மாரீஸ்வரன் கும்பிடு போடாத குறையாகத் தலையாட்டினான். மாமியாரிடம் திரும்பி, "வாங்கத்த" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மகளிடம், "சாப்புடச் சொல்லு, மூஞ்சி காஞ்சு கெடக்கு" என்றாள்.

மேற்கே மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. சாக்குகளின் மேல் பொட்டுப்பொட்டாக விழ ஆரம்பித்ததும் பாண்டிசெல்வி யோசிக்கவில்லை. பீரோவின் பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கதவு திறந்ததும் உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. ஐந்து தட்டும் காலியாக இருந்தன. கையில் அரிசிச் சாக்கோடு அவற்றின் முன்னால் நின்றவளுக்கு எது எங்கே போகும் என்றே புரியவில்லை. பத்து பெஞ்சுகளின் நம்பர் மட்டும்தான் தலைக்குள் சுற்றியது.

"அரிசியக் கீழ வையி."

"கீழ ஈரம் ஏறும்."

"அதெல்லாம் ஏறாது, கீழயே வையி. மேல வச்சா தட்டு வளைஞ்சுரும்."

"நாந்தான வைக்கேன்! எனக்குத் தெரியாதா?"

"என்னத்தத் தெரிஞ்ச நீ? எம்புட்டு நாளா இப்படி ஈரத்துலயும் காத்துலயும்…" அம்மா முடிக்கவில்லை. அரிசிச் சாக்கைப் பிடுங்கித் தானே கீழ்த்தட்டில் திணித்தாள். பாண்டிசெல்வி அதை வெளியே இழுத்து இரண்டாம் தட்டில் வைத்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அதன் பிறகு அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மகள் வாங்கி வாங்கி அடுக்கினாள். பாய், தலையணை, துணிமணி, ரேஷன் கார்டுப் பை. அடுப்பு மட்டும் போகவில்லை. எப்படித் திருப்பினாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டு கதவை மூடவிடவில்லை. மூன்றாம் தடவை அவள் அதைத் தரையில் ஓங்கி வைத்தாள். மாரீஸ்வரன் அதை எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரின் தார்ப்பாய்க்குள் செருகினான்.

காலையில் இந்தப் பீரோவை எங்கே கொண்டுபோவது என்று யாரும் பேசவில்லை. கேட்டால் அம்மா என்ன சொல்வாளோ என்று பாண்டிசெல்விக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சாரல் விட்டதும் கூட்டம் வந்துவிட்டது. சீரியல் விளக்குகள் எரிந்தன. பாண்டிசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தாள். வரிசையில் நின்ற பெண்கள் வேலியோரத்தில் கண்ணாடியைக் கண்டு, அதில் பார்த்துப் பார்த்துப் பூவைச் சரிசெய்தார்கள். ஒருத்தி பொட்டை எடுத்து ஒட்டி வைத்தாள். மாரீஸ்வரன் விசையைத் தள்ளினான். கப்பல் மெல்ல அசைந்து, வேகம் பிடித்து, ஒரு பக்கம் ஓங்கி ஏறியது. உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

டிக்கெட்டுக்கு நீட்டிய கைகளுக்கு நடுவே பாண்டிசெல்வி திரும்பிப் பார்த்தாள். இளகிய மண்ணில் பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இருளம்மாள் அதன் பக்கத்தில் நின்று கப்பலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது உச்சிக்கு ஏறும்போதெல்லாம், அவள் பீரோவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.