பிஸ்கட் பக்கம் இழுக்கும் டிராலி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்செட் வாய்க்குள்ளேயே இரண்டாகப் பிளந்து போகட்டும். புதுப் பல்செட். யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வாரச் சாமான் வாங்குவது என் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் பைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நான் தனியாகப் போக அனுமதி உள்ள ஒரே இடம் அது. கண்ணில் புரை, முட்டியில் வலி, ரத்தத்தில் சர்க்கரை என்று மற்ற வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள்.

அடைத்தது மருமகள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமையும் வேலை இருப்பதால் அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஞாயிறு ஆனால் நான் கண்ணைக் கசக்குவதற்குள் ஊசியோடு வந்து விரலைப் பிடித்துக்கொள்வாள்.

“மாமா, சனிக்கிழமை நீங்க ஒரு கதை சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை உங்க ரத்தம் வேற கதை சொல்லுது,” என்றாள் போன வாரம். “நான் யாரை நம்புறது?”

எனக்கும் ரத்தத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒழுங்கான காரணம் சொன்னால் தொடர்ந்து கடைக்குப் போகலாம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் போனிலேயே வரவழைத்துவிடுவேன், நீங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்று தீர்ப்பு வழங்கினாள். மகன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். குற்றவாளி டிராலி.

முதலில் எனக்கே புரியவில்லை. வெங்காயம் எடுக்கலாம் என்று நேராகத் தள்ளுவேன். அது இடது பக்கமாக ஒதுங்கி, பிஸ்கட் அலமாரிக்கு முன்னால் போய் நிற்கும். சக்கரம் கோணல் போலிருக்கிறது என்று வேறு டிராலி எடுத்தேன். அதுவும் அங்கேயே போனது. பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். சோப்பு, துடைப்பம், பால் என்று கடையை ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டிக்கொண்டே பிஸ்கட்டிடம் வந்து சேர்ந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவர்கள் டிராலிகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். கூரையில் இருந்த கேமரா நான் குனிந்தால் குனிந்தது. பில் போடும் பெண் என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் கண்ணைக் காட்டினாள். ஒருநாள் டிராலியை ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் அது கழிப்பறை வாசலில் நிற்கிறது. செக்யூரிட்டி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பெரியவரே, வண்டிய இங்க நிறுத்தக் கூடாது.”

“நான் நிறுத்தலப்பா. அதுவாத்தான் காத்துக்கிட்டு இருக்கு.”

“யாருக்காக?”

“எனக்காகத்தான். உனக்குத் தெரியாத மாதிரி கேக்குற.”

அவன் முகம் மாறியதை நான் கவனித்துவிட்டேன். கடைக்காரர்கள் விவரமானவர்கள். அடுத்த வாரமே, என் கண்ணில் மண்ணைத் தூவ, பிஸ்கட்டை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். டிராலி நேராக லிஃப்ட் வாசலில் போய் நின்றது. பொத்தானை அழுத்தியது யார் தெரியுமா? அதே செக்யூரிட்டி.

“அதெல்லாம் இருக்கட்டும் மாமா,” என்றாள் மருமகள். “டிராலி உங்கள அங்க கொண்டுபோய் விட்டுச்சு. பிஸ்கட் எப்படி வாய்க்குள்ள போச்சு?”

நியாயமான கேள்வி. அதையும் மறைக்காமல் சொன்னேன். வண்டி திடீரென்று பிரேக் போட்டது. மேல் தட்டிலிருந்த க்ரீம் பிஸ்கட் பாக்கெட் சரிந்து, வழியிலேயே கிழிந்தது. நான் அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

“பாக்கெட் முழுசும் ஒரே கொட்டாவியிலயா?”

“முந்தின நாள் ராத்திரி சரியாத் தூக்கம் இல்லம்மா.”

பேப்பருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

மருமகள் என் சட்டைக் காலரைத் திருப்பி, அதற்குள் ஒட்டியிருந்த ஒரு துணுக்கை நகத்தால் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். லேபில் பார்க்கிற அதே பார்வை. அதைத் தட்டிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சரி மாமா, நம்புறேன். வர்ற சனிக்கிழமை லீவு போட்டுட்டு நானும் வர்றேன். அந்த டிராலிய நானே தள்ளிப் பாக்கணும். அது பிஸ்கட் பக்கம் போச்சுன்னா, நீங்க காலம் பூரா கடைக்குப் போங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

தாராளமாக வா என்றேன். மடியில் கனம் இல்லாதவனுக்கு என்ன பயம்?

இன்று சனிக்கிழமை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் பைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடையில் டிராலி கிடையாது, கைக்கூடைதான் கொடுப்பார்கள்.