இரவல் மூச்சு

…பொருந்தவில்லையே, இந்த முறையும் பொருந்தவில்லையே, திரையில் தன் முகம், தன் உதடு, தான் நடித்த தாய், வீட்டை விட்டுப் புறப்படும் மகளிடம் அவள் சொல்லும் ஒற்றை வாக்கியம், அதைத் தன் வாயால் சொல்லத் தனக்கே வரவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? டப்பிங் அறையின் குளிரில் ஒலிவாங்கியின் முன் நின்றிருந்தாள் நடிகை. இத்தனை ஆண்டு நாயகியாக வலம் வந்தும் ஒரு படத்திலேனும் அவள் குரல் ஒலித்ததில்லை. முதல் படத்திலேயே "முகம் பௌர்ணமி, குரல் மாவு மில்லு" என்று யாரோ சிரித்தார்கள், அன்று அவளுக்குக் குரல் கொடுக்க வந்த டப்பிங்காரிதான் எல்லோரும் அக்கா என்றழைக்கும் இவள், பிறகு பூவும் மணமும்போல இருவரும் பிரியவேயில்லை. உலகம் மயங்கியது பூவிலா, மணத்திலா… இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைத்துத்தான், சொந்தக் குரல் என்றால் நடிக்கிறேன் என்று இந்தப் படத்துக்கு நிபந்தனை போட்டாள். போட்டவள் இப்போது விழிக்கிறாள்.

"மேடம், லிப் தள்ளிப் போகுது, உதடு மூடியிருக்கறப்பவும் வார்த்தை ஓடுது," என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர். "அவசரமே இல்ல மேடம், வெந்நீர் குடிச்சிட்டு வாங்க," என்றான் இளம் இயக்குநர், "அக்காவும் வெளியதான் உக்காந்திருக்காங்க, சும்மா… இருக்கட்டுமேன்னு." இருக்கட்டுமே! வானம் கறுக்குமுன்பே குடையை விரித்துவிட்டார்கள். இன்னும் ஒருமுறை தவறினால் இந்தத் தாயும் அக்காவின் வாயால்தான் பேசுவாள், அப்புறம் எந்த முகத்தோடு நிபந்தனை, எந்த நாவோடு பெருமை? வெளியே வந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அக்கா சிரித்தாள், ஊரெல்லாம் நடிகையின் சிரிப்பென்று நம்பும் அதே சிரிப்பு. "என்னடி, என் பொழப்புல மண்ணப் போடலாம்னு… பாத்தியா? போடு போடு, நானும் எத்தன நாள்தான்… உனக்காக அழுவேன்!" நடுவே ஒரு மூச்சு. இழுப்பு நோய் அக்காவுக்கு, எந்த வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்க மாட்டாள், அந்த இடைவெளியைத்தான் பத்திரிகைகள் நடிகையின் ஏக்கம் என்று எழுதின… பாவம், அக்கா திணறக்கூடாதே என்று படப்பிடிப்பிலேயே வாக்கியத்தின் நடுவில் உதட்டை மூடிக் காத்திருக்கப் பழகியதும் இவள்தானே, யாரும் சொல்லாமல், இரக்கத்தால், பிறகு பழக்கத்தால். அப்படியானால் இந்தப் படத்திலும்… ஐயோ, இந்தப் படத்திலுமா உதட்டை மூடிக் காத்திருந்தாள்?

"நீ பேசுவடி… போ," என்றாள் அக்கா. உள்ளே போனாள். திரையில் தாய் வாய் திறந்தாள். "போறதுன்னா போ…" இங்கே, இந்த இடத்தில், தனக்கு வேண்டாத ஒரு மூச்சை நெஞ்சு வலிக்க இழுத்தாள்… "சொல்லிட்டுப் போ." உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் துள்ளி எழுந்தான். "மேடம்! இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா? அக்காவ வீட்டுக்குப் போகச் சொல்லிடலாம்!" வென்றுவிட்டாளா? கேட்டது கிடைத்துவிட்டது, கை கூப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, ஆனால் ஒலித்தது அக்காவின் மூச்சல்லவா? இன்னொரு முறை என்று கேட்கலாம், எதைத் தேடி? மாவு மில்லுக் குரலாவது தன்னுடையதாயிற்றே, அது எப்படி இருந்தது? கண்களை மூடிக்கொண்டு, சினிமாவென்று ஒன்று இருப்பதே தெரியாத வயதுக்குப் போனாள், பள்ளி விட்ட மாலை, தெருக்கோடியில் விளையாடும் தம்பி, வாசலில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாவாடைச் சிறுமி, வாயைத் திறக்கிறாள்… திறந்து, பாதிப் பெயரில் மூச்சு வாங்குகிறாள்.