செயினில் போன மானிட்டர்

மூன்றாவது டேக்கிலும் அமிர்தவள்ளி வசனத்தை விழுங்கிவிட்டு மானிட்டரைப் பார்த்தாள். தன் மூஞ்சியே எதிரில் தெரிந்தால் யாருக்குத்தான் வாய் வரும்? அவள் கண்ணில் படாத இடத்தில் அதை மாட்டச் சொன்னான் டைரக்டர் ஃபைஸான். நான் வீடு வீடாக டிவி மாட்டுகிறவன். ஒரு ஸ்டாண்டுகூட வாங்க வக்கில்லாத அவன் படத்துக்கு, தோஸ்த் ஆச்சே என்று வந்து மாட்டிக்கொண்டேன். அமிர்தவள்ளி என் பெண்டாட்டி. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். சென்னை நடிகை வராமல் போனதும் ஃபைஸான் இவளைக் கேட்டிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டாள். எனக்குக் கடுப்புதான். காலையில் மாதனூரிலிருந்து பைக்கில் வரும்போது, "இது சரியா வரலன்னா நாளைக்கு கம்பெனி பஸ்ல எப்படிய்யா ஏறுவேன்?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த ஷாப்பை ஞாயிறு மட்டும்தான் ஷூட்டிங்குக்கு விட்டிருந்தார்கள். சனிக்கிழமை வேலை நேரத்தில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. ஜன்னல் வெளிச்சம், பேட்டரி, அவ்வளவுதான். அந்தப் பேட்டரியும் கடைசி. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், தோலைக் கிளிப் போட்டுக் காயவிடும் செயின் தலைக்கு மேலே போனது. பாதி காய்ந்த தோல்கள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவே மானிட்டரையும் கொக்கியில் தொங்கவிட்டு, கேமராவிலிருந்து ஒயரை இழுத்துச் சொருகினேன். செயின் மோட்டார் சுவிட்சை அணைக்காமலே ஆட்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

கேமராவை ஃபைஸானே பிடித்தான். ஃபோகஸ் பார்க்க என்னை மானிட்டர் முன்னால் நிறுத்தினான். சோற்றைக் கொண்டுவந்த பெண்டாட்டி, தட்டில் குனிந்திருக்கும் புருஷனிடம் பேசுகிற காட்சி. எழுதிக்கொடுத்தது வராவிட்டால் வருகிறதைச் சொல்லுக்கா என்று விட்டுவிட்டான்.

"நான் பேசறப்ப ஒரு வாட்டியாவது என் மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?"

பார்த்தேன். இவளுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

தலைக்கு மேலே டியூப்லைட் மினுக்கியது. கரண்ட். செயின் அசைந்தது. தோல்களோடு மானிட்டரும் மெல்ல நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். தரையில் கிடந்த ஒயர் எழும்பி விறைத்தது. கத்தினால் டேக் போச்சு. விட்டால் கேமராவையே இழுத்துச் சாய்த்துவிடும். அவள் உதடு துடித்தது, இன்னும் ஏதோ சொல்லப்போனாள்.

ஒயரைத் திருகிப் பிடுங்கினேன். படம் அணைந்தது.

"அன்னிக்கி காச்சல்னு சொன்னேன். டிவியப் பாத்துக்கினே 'ம்'னு சொன்ன…"

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தடுமாறாமல் பேசிக்கொண்டே போனாள். கறுத்துப்போன மானிட்டர் தோல்களுக்கு நடுவே மூலை திரும்பி மறைந்தது. ஒயர் முனையைக் கையில் பிடித்தபடி, நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.