தனியாகவே முடித்தீர்களா?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி புலம்பியதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணிக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிடட்டும்.

அண்ணிக்குப் பார்சல் கம்பெனியின் கிளையில் கவுன்டர் வேலை. பெட்டியை எடை போடுவார், முகவரி கேட்பார், ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே கண்ணாடிச் சாமான் என்றால், "இப்படி அனுப்பினா தூளாத்தான் போய்ச் சேரும்" என்று கடிந்துகொண்டே, பழைய காகிதம் திணித்துக் கட்டிக் கொடுப்பார்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்தக் கவுன்டரின் மீது...’ [வேண்டாம். மழை வந்தால் அட்டைப்பெட்டி நனையும். அண்ணிக்குத்தான் வேலை கூடும்.]

2

தலைமை அலுவலகம் ஒவ்வொரு கிளைக்கும் புதுமை மதிப்பெண் போட ஆரம்பித்தது. சோப்புக் கம்பெனி என்றால் புது சோப்பைக் கையில் எடுத்துக் காட்டலாம். சேவைக் கம்பெனி எதைக் காட்டும்? அண்ணி கடிந்துகொண்டதையா?

மேலாளர் (நல்ல மனிதர், வில்லன் தேடுகிறவர்கள் ஏமாறுவீர்கள்) மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சைத் தூக்கிவிட்டார். ‘இடவசதிப் புதுமை’ என்று ஒரு மதிப்பெண் வந்தது. கால் வலிக்கிறது என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். பெஞ்சு திரும்பி வந்தது. ‘வாடிக்கையாளர் நலப் புதுமை’ என்று இன்னொரு மதிப்பெண்.*

* காகிதம் திணித்ததற்கு மதிப்பெண் கிடையாது. ரொம்ப நாளாக நடப்பது எப்படிப் புதுமையாகும் என்று கேட்டார்களாம்.

3

பிறகு இயந்திரம் வந்தது. வாடிக்கையாளரே எடை போட்டு, முகவரி தட்டி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். அண்ணியை ‘வழிகாட்டி’ ஆக்கி அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்ததும் திரை கேட்கும்: ‘தனியாகவே முடித்தீர்களா?’ ‘ஆம்’ பெருகப் பெருக மதிப்பெண் ஏறும். போதுமான அளவு ஏறிவிட்டால் வழிகாட்டி தேவையில்லை.

"நல்லா சொல்லிக் குடுத்தா வேலை போயிடும் தம்பி. சொல்லிக் குடுக்கலன்னா, வேலை தெரியலன்னு அனுப்பிடுவாங்க."

"அவங்கள ‘இல்லை’ன்னு அழுத்தச் சொல்லுங்களேன் அண்ணி."

"அதச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாத்தையும் நான்தான் பண்ணிக் குடுக்கிறேன். ஆனா எனக்கு நல்ல பேர் வரட்டும்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டே ‘ஆம்’ அழுத்திட்டுப் போறாங்க!"

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை போய்க் கொஞ்ச காலமாகிறது. அந்த வீடு ஓடுவது அண்ணியின் சம்பளத்தில். [சோகம் அதிகமாகிறதோ என்று இதை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் அண்ணனுக்கு வேலை கிடைத்துவிடுமா என்ன?]

4

கைவசம் இருந்த முடிவுகள்:

அண்ணி இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி எறிகிறார். [கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறவர் அவர்.]

மேலாளர் மனம் மாறுகிறார். [மாறுவார். உத்தரவு மாறாது.]

‘அன்பு வாசகரே, இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.’ இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நவீனமாகவும் இருந்தது, எனக்கு வேலையும் மிச்சம். அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"முடிவ படிக்கிறவங்களே எழுதிக்கணுமா?"

"ஆமா அண்ணி. இது ஒரு புதுமை."

"எங்க ஆபீஸ்லயும் இதத்தான் தம்பி சொன்னாங்க."

சுருக்கென்றது.

5

அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் உட்காருங்கள், பெஞ்சு இருக்கிறது. முடிவை நானே எழுதித் தருகிறேன்.

திங்கட்கிழமை. மகளுக்கு அனுப்ப ஒரு பீங்கான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருகிறார். திரையைப் பார்த்து முழிக்கிறார். அண்ணி காகிதம் திணித்து, எடை போட்டு, முகவரி தட்டி, ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறார். அந்த மனிதர் செய்தது, நடுவில் ஒருமுறை தும்மியது மட்டும்தான். திரை கேட்கிறது: ‘தனியாகவே முடித்தீர்களா?’

அவர் ‘இல்லை’ அழுத்த வேண்டும். அதற்காக அவரை முசுடாக்கி எழுதிப் பார்த்தேன். அவசரக்காரராக்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவராகக்கூட ஆக்கிப் பார்த்தேன். ஜாடியின் கழுத்தைச் சுற்றி அண்ணி காகிதம் திணிப்பதைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் இளகிப்போகிறார்கள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா" என்கிறார். சிரித்துக்கொண்டே ‘ஆம்’ அழுத்துகிறார்.